கடைசிப் பாய் முதலில்

போர்க்காலத்து ஞாயிறு ஒன்றில், மயிலாப்பூரில் எங்கள் சிறிய தேவாலயத்தில் முதன்முறையாகப் பேச எழுந்தேன். கல்லூரிச் சொற்போர்களில் வென்ற எனக்கு அதுவே தகுந்த இறைப்பணியாகத் தோன்றியது. எங்கள் குடும்பத்தின் ஊழியமோ பாய்களை விரித்து எடுப்பது. ஆராதனை முடிந்ததும் அப்பா குரல் கொடுப்பார். கடைசி வரிசையினர் முதலில் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவார்கள். பிறகே அடுத்த வரிசை எழும். வாசலில் அவற்றை வாங்கி அடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நான் பேசத் தொடங்கியதும் அபாயச் சங்கு ஒலித்தது. பின்னால் இருந்த ஒரே வாசலுக்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். கடைசிப் பாயில் கைக்குழந்தையுடன் இருந்த என் அம்மா சுவரோடு நெருக்கப்படுவதைக் கண்டேன்.

“அன்பார்ந்த பெரியோர்களே, அமைதி காக்க வேண்டுகிறேன்” என்றேன்.

“பேச்செல்லாம் அப்பால வச்சிக்க நைனா” என்றபடி முன்வரிசைக்காரர் ஒருவர் ஓடினார்.

குழந்தை வீறிட்டது. நான் கட்டிவைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் நினைவிலிருந்து நழுவின. வாயில் வந்தது அப்பாவின் வாராந்தரக் குரல்தான்.

“கடைசிப் பாய் மொதல்ல. சுருட்டிக்கினு போங்க.”

சிலர் பழக்கத்தால் திரும்பித் தம் பாயைத் தேடிக் குனிந்தார்கள். நெருக்கம் தளர்ந்தது. மறுபடியும் சொன்னேன், அப்பாவும் சேர்ந்துகொண்டார். கடைசி வரிசை வெளியேறும்வரை மற்றவர்கள் நின்றார்கள்.

வெளியே, பதுங்குகுழியில், அம்மா குழந்தையை என் மடியில் வைத்தாள்.

“ரெண்டு கொரலு கேட்டுச்சு. எது ஒங்கப்பான்னே தெரியல” என்றாள்.

கைத்தட்டல்கள் எத்தனையோ பெற்றிருக்கிறேன். எதுவும் அவ்வளவு பெருமை தந்ததில்லை. பாதியில் நின்ற பேச்சை அடுத்த ஞாயிறு பேசி முடிக்கச் சொன்னார் போதகர். பாய்களை விரித்துவிட்டே மேடையேறினேன்.