கதவைத் திறக்க ஒரு ஆள்

பிரியமானவங்களே, ஊசி போட்டாத்தான் நான் உயிரோட இருக்க முடியும். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே எனக்குச் சர்க்கரை வியாதி வந்துடுச்சு. வயசானவங்களுக்கு வருமே, மாத்திரையில அடங்குற சர்க்கரை, அது இல்ல. என் உடம்புல இன்சுலின் சுரக்கவே சுரக்காது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி, படுக்கப்போறப்ப ஊசி. எங்க அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்தவர். அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. அப்பாதான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து எனக்கு ஊசி போடக் கத்துக்கிட்டார். போட்டு முடிச்சதும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லுவார். ஜெபத்துக்கும் மருந்துக்கும் எங்க வீட்டுல சண்டை இருந்ததே இல்ல.

அந்தச் சண்டையை நான் பார்த்தது கல்யாணம் ஆன வீட்டுல.

என் வீட்டுக்காரர் எட்வின். ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோடு பக்கம் அவங்க வீடு. கீழ் ஹால்ல ஞாயித்துக்கிழமை ஆராதனை நடக்கும். எட்வினோட பெரியப்பாதான் அதை நடத்துறவர். வீட்டு ஆளுங்களும் சபை ஆளுங்களும் அவரை ஐயான்னுதான் கூப்பிடுவாங்க. அவர் சொல்லாம அந்த வீட்டுல குழம்பு கூடக் கொதிக்காது. என் வியாதி தெரிஞ்சுதான் கட்டினாங்க. நம்ம வீட்டுக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு மாமியார் சொன்னாங்க. அன்பாத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்.

கொரோனா அடங்கினதுக்கு அப்புறம் நான் உண்டானேன். புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பார்த்தோம். உண்டாயிருக்கிறதால இன்சுலின் கூடத்தான் தேவைப்படும், ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு டாக்டரம்மா எட்வினையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் சொன்னாங்க. அவரும் தலையாட்டினார். அஞ்சாம் மாசம். பிள்ளை அசையறது தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. மத்தியானம் படுத்தா மீன் துள்ற மாதிரி துள்ளும்.

அப்பதான் ஐயா பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சார். என் பேரைச் சொல்லல. சொல்லாமலே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்லாததுலேர்ந்து வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு ஒரு பொண்ணோட உடம்பைச் சரி பண்றது கஷ்டமான்னு கேட்டார். தேவனுக்கு எல்லை கிடையாது, ஊசியை நம்புறவ அவருக்கு எல்லை போடுறான்னு சொன்னார். அந்தக் குடும்பத்துல பொறக்கப்போற முதல் பிள்ளை ஊசி மருந்துல வளரக்கூடாதுங்கிறது அவருக்கு ஒரு வைராக்கியமா ஆயிடுச்சு.

ஆடிப்பெருக்கு முடிஞ்ச வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையைக் கூட்டினாங்க. ஃபிரிட்ஜ்ல இருந்த என் இன்சுலின் குப்பியெல்லாத்தையும் மாமியார் ஒரு எவர்சில்வர் தட்டுல வச்சுக் கொண்டுவந்தாங்க. என் கையாலேயே அதை உடைக்கச் சொன்னார் ஐயா. நான் மாட்டேன்னேன். உடைச்சா செத்துடுவேங்கன்னு சொன்னேன். அவரே காலால மிதிச்சு உடைச்சார். எல்லாரும் கைத்தட்டினாங்க. அந்த மருந்து வாசனை ஹால் முழுக்க அடிச்சுது. இன்னைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்தா அந்தக் கைத்தட்டல்தான் என் காதுல கேக்குது.

நான் அப்பா வீட்டுக்குப் போறேன்னு செருப்பைப் போட்டேன். எட்வின் என் கையைப் பிடிச்சார். போனை வாங்கிக்கிட்டாங்க. மொட்டை மாடியில ஒரு சின்ன ரூம் உண்டு, பழைய சாமான் போட்டு வைக்கிற ரூம். உள்ள விட்டு வெளியில பூட்டினாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியுற வரைக்கும் உபவாசம், தண்ணி கூடக் கிடையாதுன்னு ஐயா கதவுக்கு வெளியில நின்னு சொன்னார். சாவியை எட்வின்கிட்ட கொடுத்தார். எங்க அப்பாவுக்கு அவங்களே போன் பண்ணி, உங்க பொண்ணு ஜெபத்துல இருக்கா, தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க. பாவம், அவரும் சந்தோஷப்பட்டாராம்.

சனிக்கிழமை காலையிலேயே வாந்தி ஆரம்பிச்சுடுச்சு. இன்சுலின் இல்லேன்னா உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிச்சுடும். ரத்தம் விஷமாயிடும். எனக்கு அது தெரியும். தாகம்னா அப்படி ஒரு தாகம். மூலையில ஒரு பிளாஸ்டிக் வாளியில தரை துடைச்ச தண்ணி கொஞ்சம் கெடந்துச்சு. அதைக் குடிச்சேன். அதுவும் வாந்தியா வந்துடுச்சு. நான் வாந்தி எடுக்கிற சத்தம் கேக்கும்போதெல்லாம் வெளியில பாட்டுச் சத்தம் கூடும். போகுது, பிசாசு போகுதுன்னு மாமியார் கத்தினது கேட்டுச்சு.

நான் ஜெபம் பண்ணினேன். மொதல்ல அவங்க கேட்டதையேதான் நானும் கேட்டேன். ஆண்டவரே, உம்மால முடியாததா, இப்பவே என்னைச் சுகமாக்கிடும், இவங்க எல்லாரும் பார்க்கட்டும்னு. கல்லுக்குள்ள இருக்கிற தேரையை வளர்க்கிறவர், என் வயித்துல ஒரு பிள்ளையை வனைஞ்சுக்கிட்டு இருக்கிறவர், அங்கேயே பக்கத்துல இருக்கிற, இன்சுலின் சுரக்கவேண்டிய அந்தச் சின்ன உறுப்பை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கார்னு கேட்டேன். ஒண்ணும் நடக்கல. மூச்சு மட்டும் வேகமா வாங்க ஆரம்பிச்சுது.

சாயங்காலம் வெயில் இறங்கினப்ப, பிள்ளை அசையறது நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. வயித்தைத் தட்டிப் பார்த்தேன். பேர் வைக்காத பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுறது? அம்மா, அம்மான்னு கூப்பிட்டேன். ஒரு அசைவும் இல்ல.

அதுக்கப்புறம் என் ஜெபம் சின்னதாயிடுச்சு. அற்புதம் வேணாம் ஆண்டவரே. கதவைத் திறக்க ஒரு ஆளை அனுப்பும். அவ்வளவுதான். நினைவு வரும்போதெல்லாம் அதையே சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில கீழ ஆராதனை மைக் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த ரூம்ல கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதுக்கு நேரா அடுத்த வீட்டு மொட்டை மாடி. அந்த வீட்டுல வைதேகின்னு ஒரு அக்கா. ஐயங்கார் குடும்பம். ஒரு பேங்க்ல வேலை. எதிர்ல பார்த்தா சிரிப்பாங்க, அதுக்கு மேல பழக்கம் கிடையாது. எங்க வீட்டு ஆளுங்க அவங்க வீட்டுப் பிரசாதத்தை வாங்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. அன்னைக்கு அவங்க துணி காயப்போட வந்திருந்தாங்க. என் வாயில சத்தம் வரல. கையைக் கம்பிக்கு வெளியில நீட்டினேன்.

அவங்க ஈரத்துணியோட சுவர் ஓரம் வந்தாங்க. என் முகத்தைப் பார்த்ததும் அவங்க முகம் மாறிடுச்சு.

"என்னம்மா இது? யார் பூட்டினா உன்னை?"

"ஊசி," அப்படின்னேன். "இன்சுலின். வயித்துல பிள்ளை."

அவங்க வேற ஒண்ணும் கேக்கல. பெருமாளேன்னு ஒரு வார்த்தை. துணியை அப்படியே போட்டுட்டுக் கீழ ஓடினாங்க. அப்புறம் நடந்தது அவங்களும் தெருக்காரங்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரா எங்க ஹாலுக்குள்ள வந்து, ஆராதனை நடுவுல நின்னு, சாவியைக் கொடுங்கோன்னு கேட்டிருக்காங்க. எட்வின் ஐயாவைப் பார்த்திருக்கார். இது எங்க விசுவாசம், உங்களுக்கு இதுல வேலையில்லன்னு ஐயா சொல்லியிருக்கார். அவங்க வாக்குவாதம் பண்ணாம அங்கேயே நின்னு 108-க்குப் போன் பண்ணினாங்க. தெருவுல போனவங்களைக் கூப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ் ஆளுங்களும் எதிர் டீக்கடைக்காரரும் மேல வந்து பூட்டை உடைச்சாங்க. அதுவரைக்கும் எட்வின் சட்டைப்பையில சாவி இருந்துச்சு.

ஆம்புலன்ஸ்ல என் தலை வைதேகி அக்கா மடியில. காவிரிப் பாலம் ஏறும்போது கொஞ்சம் நினைவு வந்துச்சு. அக்கா ரங்கநாதா, ரங்கநாதான்னு சொல்லிக்கிட்டே என் நெத்தியைத் தடவிக்கிட்டு இருந்தாங்க. நான் உள்ளுக்குள்ள என் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

புத்தூர் ஆஸ்பத்திரியில என்னைக் காப்பாத்திட்டாங்க. பிள்ளை எடுக்கும்போதே உயிர் இல்ல. பெண் பிள்ளை. நான் ஐசியூவுல இருந்ததால எனக்குக் காட்டல. வைதேகி அக்கா பார்த்திருக்காங்க. நான் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் சொன்னாங்க. விரலெல்லாம் நன்னா வந்துடுத்துன்னு சொன்னாங்க. அப்பா பொன்மலை கல்லறையில கொண்டுபோய் வச்சார்.

மாமியார் ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாங்க. கையில ஏறிக்கிட்டு இருந்த டிரிப்ஸைப் பார்த்தாங்க.

"ஊசி போட்டுட்டாங்களா? இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா பூரண சுகம் கிடைச்சிருக்கும். கெடுத்துட்டியே."

இதைத்தான் சொன்னாங்க. பிள்ளையைப் பத்திக் கேக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஐயா மைக்ல சாட்சி சொன்னார். அதை யாரோ அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. நான் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டேன். செத்துப்போன பொண்ணைத் தேவன் எழுப்பித் தந்தாராம். அவ மனசுல ஊசி மேல கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்ததால பிள்ளையை எடுத்துக்கிட்டாராம். அதுக்கும் எல்லாரும் கைத்தட்டினாங்க. அப்பா போனைப் பிடுங்கிட்டு வெளியில போய் நின்னு அழுதார்.

நான் அழல. எனக்குக் கோபம் ஐயா மேல கூட அவ்வளவு இல்ல. ஆண்டவர் மேலதான் கோபம். ஞாயித்துக்கிழமை ஒரு ஆளை அனுப்பத் தெரிஞ்சவருக்கு வெள்ளிக்கிழமை அனுப்பத் தெரியலையா? சனிக்கிழமை மத்தியானம் அனுப்பியிருந்தா கூட என் பிள்ளை இருந்திருக்கும். முடியலேன்னா அவருக்கு எல்லை இருக்கு. முடிஞ்சும் அனுப்பலேன்னா அவருக்கு இரக்கம் இல்ல. இந்த ரெண்டுல எதுன்னு சொல்லும்னு கேட்டேன். பொன்மலை வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் கேட்டேன். வேற ஜெபமே வரல. எங்க பழைய சபைப் போதகர் வந்தார். அவர்கிட்டயும் அதையே கேட்டேன். எனக்குத் தெரியலம்மான்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தார். அவர் அப்படிச் சொன்னதாலதான் நான் திரும்ப எங்க பழைய சபைக்குப் போனேன்.

கேஸ் ஆச்சு. ஐயா ஊரை விட்டே போய் வேற எங்கேயோ கூட்டம் நடத்துறதா கேள்வி.

ஒரு கார்த்திகை மாசத்துச் சாயங்காலம் எட்வின் எங்க வீட்டுக்கு வந்தார். அப்பா அவரை உள்ள விடல. வாசல்லயே ஒரு நாற்காலியைப் போட்டார். எட்வின் இளைச்சுக் கறுத்துப்போயிருந்தார். சேர்ந்து வாழ வான்னு கேக்கத்தான் வந்திருக்கார்னு நெனச்சேன். அவர் அதைக் கேக்கல.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," அப்படின்னார். "நீ உள்ள போன முதல் நாளே எனக்குள்ள ஏதோ ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. கதவைத் திற, திறன்னு. தாங்க முடியாம மேல ஏறி வந்தேன். பூட்டுல சாவியைக் கூடப் போட்டேன். மறுநாளும் அதே மாதிரி. விடவே இல்ல அது."

"அப்புறம்?"

"பிசாசோட குரல்னு நெனச்சு விரட்டிட்டேன். ஐயாவும் அதைத்தான் சொன்னார்."

நான் மாசக்கணக்கா கேட்ட கேள்விக்கு அந்த வாசல்ல பதில் கிடைச்சிடுச்சு. ஆண்டவர் வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பியிருக்கார். கையில சாவி இருந்த ஆளையே அனுப்பியிருக்கார். கதவு வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்திருக்கார். சாவியைத் திருப்புற கையை மட்டும் அவர் பிடிச்சு முறுக்கல.

பிரியமானவங்களே, தேவனுக்கு எல்லை உண்டான்னு என்னைக் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். கடலுக்கு எல்லை போட்டவர் அவர். ஆனா ஒரு மனுஷனோட கைக்கு முன்னாடி வந்து நிக்கிறார். கெஞ்சுறார். முறுக்கமாட்டேங்கிறார். அந்த இடத்துல அவர் நின்னதால என் பிள்ளை செத்துச்சு. இதை நான் மென்னு முழுங்கிச் சொல்லல. எனக்கு இன்னும் வலிக்குது. அவர் முறுக்கியிருக்கலாமேன்னு இன்னும் சில நாள் தோணுது. அவர்கிட்டயே அதைச் சொல்றேன். அவர் கோவிச்சுக்கிட்டதில்ல.

எட்வினோட நான் போகல. என்கிட்டச் சொன்னதைப் போலீஸ்ல போய்ச் சொல்லுங்கன்னேன். போய்ச் சொன்னார். தனக்கே தண்டனை வரும்னு தெரிஞ்சும் சொன்னார். அந்தத் தடவை அவர் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிஞ்சார்னு நான் நம்புறேன்.

இப்ப அந்த ஆஸ்பத்திரியிலயே வாரத்துல ஒரு நாள் போய் உக்கார்றேன். சர்க்கரை வந்த சின்னப் பிள்ளைங்களோட அம்மாங்க, வையம்பட்டி, மணப்பாறைப் பக்கத்துலேர்ந்தெல்லாம் பயந்துபோய் வர்றாங்க. ஊசி போடக் கத்துக்கொடுக்கிறேன். சிலர் முருகனைக் கும்பிட்டுட்டுப் போடுறாங்க, சிலர் பிஸ்மில்லா சொல்லிப் போடுறாங்க. நான் என் ஆண்டவருக்கு நன்றி சொல்றேன். அவர் எனக்கு உயிரைக் கொடுத்தார். அதை அவர் எந்தக் கை வழியா கொடுத்தார்னு எனக்குத் தெரியும்.

உங்கள்ல யாராவது இன்னைக்கு ஒரு கஷ்டத்துல இருந்து ஜெபிச்சுக்கிட்டு இருந்தா, நம்புங்க. அவர் கேட்டுட்டார். ஏற்கெனவே யாரையோ எழுப்பி விட்டிருக்கார். கஷ்டம் இல்லாம நல்லா இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். நீங்க சாப்பிட உக்காரும்போதோ, துணி காயப்போடும்போதோ, அடுத்த வீட்டுல என்ன சத்தம், போய்ப் பாருன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேட்டா, அதை விரட்டாதீங்க. எழுந்திரிச்சுப் போங்க. அங்க யாரோ, நீங்க வரணும்னுதான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காங்க.