மாக்னுஸின் கடைசி மார்ச்

வால்பர்கா எதிரே வந்தால் சென்சி தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம் தொடங்கிய பழக்கம், முப்பது வருஷமாகியும் விடவில்லை. இத்தனைக்கும் அவர்கள் அந்நியர்கள் அல்ல. மில்காரர் வீட்டு இளைய பெண் வால்பர்கா. அவளுடைய பெரியம்மா மகனுக்குத்தான் சென்சியின் நாத்தனாரைக் கொடுத்திருந்தது. வரப்புத் தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு வீட்டு மேய்ச்சல் நிலமும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவே இல்லை.

இருவருமே புருஷனைப் போருக்குப் பறிகொடுத்தவர்கள். சென்சியின் கஸ்பார் செத்தான் என்று செய்தி வந்தது. வால்பர்காவின் மாக்னுஸ் காணாமல் போனான். அவள் ஒற்றை ஆளாக மாடு கறந்தாள், குளிர்காலத்துக்குப் புல் அறுத்து உலர்த்தினாள், இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். மறுமணம் பேச வந்த தச்சனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மாக்னுஸ் கடைசியாக எங்கே இருந்தான், என்ன செய்தான் என்பது மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. சென்சிக்கு அது தெரியும் என்று அவளுக்குச் சந்தேகம். ஒன்றும் தெரியாதவள் எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்?

பெண்கள் புகுந்த வீடு போனபிறகு காகிதம் சேர்க்க ஆரம்பித்தாள். அவன் போட்ட கடிதங்களில் ஊர்ப்பெயர் கிடையாது, படைத் தபால் எண் மட்டுமே. பழைய படைக் காகிதங்களைக் காக்கும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். விடுப்புச் சீட்டின் நகல் வந்தது; அப்புறம் ஆஸ்பத்திரிச் சீட்டு; பிறகு, போரின் கடைசி பிப்ரவரியில் அவனை எந்தக் கம்பெனிக்கு, அதாவது எந்தப் படைப்பிரிவுக்கு, மாற்றினார்கள் என்ற கடிதம். "மாக்னுஸ் இருந்தப்பகூட உனக்கு இத்தனை லெட்டர் வரலையேம்மா" என்று தபால்காரர் கேலி செய்தார். சாராயக்கடையில் சீட்டாடுகிறவர்கள் அவள் தலையைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மரம் அறுக்கும் ஆலைக்காரர் மட்டும் நேராகவே சொன்னார்: "சாணிக்குழியக் கிளறாத வால்பர்கா. நாத்தம் உன் வீட்டுக்கும்தான் வரும்."

அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் படமும் தேதியும் போட்டு ஒரு சின்ன அட்டை அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுப்பார்கள். எல்லார் வீட்டுப் பிரார்த்தனைப் புத்தகமும் அந்த அட்டைகளால் வீங்கிக் கிடக்கும். போரில் செத்தவர்களின் அட்டையில் கம்பெனியும் இருக்கும். மாக்னுஸோடு இருந்தவர் யாராவது அகப்படுவாரா என்று வால்பர்கா வீடு வீடாகப் போய்ப் புரட்டினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கஸ்பாரின் அட்டை ஒரு வீட்டிலும் இல்லை.

அவள் போனபோது சென்சி கொதிக்கும் தண்ணீரில் மாவைத் துளைத்தட்டு வழியே தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"கஸ்பார் அட்டை எங்கயுமே இல்ல சென்சி. ஏன்?"

"அச்சடிக்கவே இல்ல. வீரமரணம்னு போட்டுக்கச் சொல்றியா?"

கை நிற்காமல்தான் சொன்னாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி ஹங்கேரியில், ஓடிப்போகப் பார்த்தான் என்று கஸ்பாரை அவனுடைய சொந்தக் கம்பெனியே மரத்தில் கட்டிச் சுட்டது. மறுவருஷம் படைப் பாதிரியார் ஒருவர் வந்து சொல்லிவிட்டு, சூப் குடித்துவிட்டுப் போனார். சுட்டவர்கள் யார் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கஸ்பாரின் கடைசிக் கடிதத்தில் இருந்தது: நம்ம ஊர் மாக்னுஸ் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டான், ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

வால்பர்கா கைப்பையைத் திறந்தாள்.

"அன்னிக்கு உன் மாக்னுஸ் எங்க இருந்தான்?" என்றாள் சென்சி. "ஊரெல்லாம் அலைஞ்சு சேத்தியே, உன் காகிதம் என்ன சொல்லுது? படி. எனக்குக் கண்ணுல புரை."

வால்பர்கா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். "தோள்ல காயம். பிப்ரவரி இருபத்தெட்டுல சேர்த்திருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சென்சி அடுப்பிலிருந்து திரும்பி நின்று காத்திருந்தாள்.

"மார்ச் ஒம்போதாம் தேதி குணமாகி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பியிருக்கு."

"பன்னெண்டுக்குள்ள போய்ச் சேந்திருப்பானா?"

"ரயில் ஓடலன்னு சொல்றாங்க."

"நடந்து?"

"தெரியல சென்சி."

சென்சி காலால் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "உக்காரு. பொய் சொல்லுவன்னு நினைச்சேன்."

அந்தக் கம்பெனியின் தினக்குறிப்பு கேட்டு இருவரும் சேர்ந்தே மனுப் போட்டார்கள். பதில் பனிக்காலத்தில் வந்தது. சென்சியின் அடுப்படியில் உட்கார்ந்து வால்பர்கா வாசித்தாள்: மன்னிக்கவும், அந்தக் கம்பெனியின் காகிதங்கள் போரின் கடைசி நாட்களில் தீக்கிரையாகிவிட்டன.

"தானா எரிஞ்சுதாமா, எரிச்சாங்களாமா?" என்றாள் சென்சி.

வால்பர்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அத எழுதல."

சென்சி சீஸ் உருகும் சட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்து இரண்டு முள்கரண்டிகளைப் போட்டாள். இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். மாக்னுஸ் சுடவில்லை என்று நம்பியவர் அந்த அடுப்படியில் யாரும் இல்லை.