தோற்றவர் எழுந்து போகவில்லை

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. இதை நான் பள்ளியில் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். என் வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் தட்டு பறக்கும். இன்னொருத்தியின் அப்பா கதவை உதைப்பாராம். எங்கள் வீட்டில் அந்த மாதிரி அநாகரிகம் எதுவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் எப்போது நின்றது என்று யாருக்குத் தெரிகிறது?

அப்போது நாங்கள் வெளிநாட்டில், வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அம்மா விடிகாலை ஷிஃப்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குவாள். அப்பாவுக்கு ஆபீஸில் தினமும் நேரமாகிவிடும். அப்படியும் இருவரும் ஒரே சமயத்தில் வீட்டில் இருந்தாக வேண்டிய பொழுதுகள் உண்டு. அப்போதுதான் நான் தேவைப்பட்டேன்.

"பால் இருக்கான்னு அம்மாகிட்ட கேளு" என்பார் அப்பா. அம்மா அவருக்கு இரண்டடி தள்ளித்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

"இருக்குன்னு சொல்லு" என்பாள், குழாயைப் பார்த்தபடி.

நான் போய்ச் சொல்வேன். சும்மா சொல்ல மாட்டேன். போகிற வழியில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பேன். 'இருக்கு' என்பது என் வாயில் 'இருக்காம்ப்பா, உங்களுக்குக் காபி போடட்டான்னு கேக்கறாங்க' என்று ஆகிவிடும். அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். வேண்டாம் என்பார். அதையும் நான் 'அப்புறம் குடிக்கறாராம்' என்று மாற்றி அம்மாவிடம் கொண்டுபோவேன். இப்படி ஒரு வீட்டையே தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

அந்தக் குளிர்கால விடுமுறையில் எனக்குப் பத்து வயது. இருவரும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் வீட்டில் நான் ஒருத்திதான். எதிர் ஃபிளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி இருந்தார். வீட்டிலிருந்தபடியே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். அவர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மற்ற நேரமெல்லாம் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டிவி போட்டால் அதில் எல்லாரும் ஒரே கத்தல். எனக்கு வேண்டியிருந்தது சத்தம் இல்லை, ஆள். சும்மாவாவது அறையில் இரண்டு பேர் இருந்தால் போதும் என்று இருந்தது.

அப்படித்தான் அவர்களைக் கண்டுபிடித்தேன். செஸ் வீடியோ தேடப் போய், ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நேரலையில் மாட்டிக்கொண்டேன். பாய் விரித்த அறை. நடுவில் கனத்த மரப் பலகை. அதன் இரு பக்கமும் அங்கி போன்ற பழைய கால உடையில் இரண்டு பேர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அப்பாவை விடப் பெரியவர், நரை விழுந்தவர். மற்றவர் இளைஞர். இருவரும் பேசவில்லை. நான் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் பேசவில்லை, ஒரு காயும் நகரவில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அது ஷோகி என்றும், ஜப்பானியர்களின் சதுரங்கம் என்றும், இது ஒரு பெரிய பட்டத்துக்கான கடைசி ஆட்டம் என்றும் திரையின் ஓரத்தில் ஒரு புண்ணியவான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பட்டம் பல வருஷமாகப் பெரியவரிடம் இருந்தது. இதில் தோற்றால் இளைஞருக்குப் போய்விடும். ஆட்டம் இரண்டு நாள் நடக்கும். காய்களில் கறுப்பு வெள்ளை கிடையாது. எல்லாம் ஒரே நிற மரத்துண்டுகள், கூர்முனை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்துக்காரருடையது. எதிராளியின் காயைப் பிடித்தால் திருப்பி வைத்துத் தன் காயாகவே இறக்கிக்கொள்ளலாம். இந்த விதி மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அப்பா பக்கம் பார்த்து நின்று, மத்தியானம் அம்மா பக்கம் திருப்பி வைக்கப்படுகிறவள்தானே நான்.

மத்தியானம் அன்ரி சோறும் பருப்பும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். குனிந்து திரையைப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, ரண்டு பேரும் அசையாமல் இருக்கினம்?"

"டைட்டில் மேட்ச் அன்ரி. ஜாப்பனீஸ் செஸ்."

"கதைக்க மாட்டினமோ?"

"மாட்டாங்க. நாளைக்கும் பேச மாட்டாங்க."

அன்ரி எங்கள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். "உதைப் பாக்கிறதுக்கு உங்கட வீட்டில கம்ப்யூட்டர் வேற வேணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் இரண்டு ஃபிளாட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் அப்படியொன்றும் தடித்த சுவர் இல்லை.

பெரியவருக்கு மத்தியானச் சாப்பாடு கறியும் சோறும். அதையும் தட்டோடு படம் பிடித்துக் காட்டினார்கள். அவர் சாப்பிடப் போன நேரத்தில்தான் நானும் சாப்பிட்டேன். இளைஞர் ஏதோ நூடுல்ஸ் சாப்பிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து நான் பெரியவரின் கட்சி.

கட்சி சேர்ந்தால் மட்டும் போதுமா? ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்த பிள்ளையாரிடம் போய் நின்றேன். பெரியவர் ஜெயித்தால் அப்பாவும் அம்மாவும் மறுபடி பேச வேண்டும். இதுதான் ஒப்பந்தம். தோற்றால் என்ன என்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதையெல்லாம் கேட்டு வைத்தால் சாமி அதைப் பிடித்துக்கொள்ளும் என்ற பயம்.

சாயங்காலம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாள் முதலில் ஆட வேண்டியவர் பெரியவர். அவர் தன் அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவர்போல் இருந்த ஒருவரிடம் கொடுத்தார். காலையில்தான் பிரிப்பார்களாம். ராத்திரி முழுக்க யோசித்து யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்பா வந்தார், சாப்பிட்டார். அம்மா மறுநாள் தனக்கு ஷிஃப்ட் இல்லை என்று என் மூலம் அப்பாவுக்குத் தெரிவித்தாள். அப்பா, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று என் மூலம் அம்மாவுக்குத் தெரிவித்தார். சர்க்கரை சேர்க்க இடமே இல்லாத செய்திகள். நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் பெரியவருக்கு நாள் சரியில்லை. மத்தியானத்துக்கு மேல் அவர் குனிந்த தலை நிமிரவே இல்லை. விசிறியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். திரையோரத்துப் புண்ணியவான் 'கஷ்டம்தான்' என்று எழுதினார். அப்பா சொன்னபடி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவே அதிசயம். அம்மா அவர் எதிரில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அது இன்னும் பெரிய அதிசயம்.

"லேப்டாப்ப எடுத்துட்டு ரூமுக்குப் போ கண்ணு. கதவச் சாத்திக்கோ" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக நான் அந்த மேஜையில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன், இடம் மாறினால் ராசி மாறிவிடும். ஆனால் அதைச் சொல்லவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெரியவர் தோற்றார். தோற்றது எனக்கு உடனே தெரியவில்லை. அவருடைய ராஜா பலகையில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். போவதற்குக் கட்டமும் இருந்தது. பெரியவர் ஒரு வாய் தேநீர் குடித்தார், உடையைச் சரிசெய்துகொண்டார், கையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துத் தலை குனிந்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. இளைஞரும் தலை குனிந்தார். 'முடிந்தது' என்று எழுதினார் புண்ணியவான். ராஜா நிற்கும்போதே எப்படி முடியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. போர்வையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பெரியவருக்காக இல்லை. பிள்ளையாரிடம் வாயை விட்டு மாட்டிக்கொண்டேனே என்று.

லேப்டாப்பை மூடத்தான் போனேன். ஆனால் தோற்றவர் எழுந்து போகவில்லை. படக்காரர்கள் உள்ளே வந்து பளிச் பளிச்சென்று எடுத்துவிட்டு விலகியதும், பெரியவர் கையை நீட்டி ஒரு காயைப் பழைய இடத்தில் வைத்தார். இளைஞர் இன்னொன்றை வைத்தார். இருவருமாக ஆட்டத்தை நடுவழி வரைக்கும் பின்னால் கொண்டுபோனார்கள். 'முடிந்த பிறகு எங்கே பிசகியது என்று சேர்ந்து தேடுவது வழக்கம்' என்று எழுதினார் புண்ணியவான். பெரியவர் ஒரு கட்டத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். இளைஞர் தலையைச் சொறிந்துகொண்டு பதில் சொன்னார். பெரியவர் சிரித்தார்! இளைஞரும் சிரித்தார். இரண்டு நாளாக முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளாதவர்கள் தலையோடு தலை முட்ட, அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு கணம் குழம்பிவிட்டது. ஹாலிலும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவை மெல்லத் திறந்தேன். அப்பாவும் அம்மாவும்தான். நேருக்கு நேராக.

"மெல்பர்ன் வேலை முதல்ல வந்தப்பவே பேசியிருக்கணும்" என்றார் அப்பா.

"அதுக்கும் முன்னாடி. எங்கப்பா செத்துப்போனப்ப."

"நான் பிரிட்ஜிங் விசால இருந்தேன். நாட்ட விட்டுப் போனா திரும்ப விட மாட்டாங்க."

"பர்மிஷன் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. இங்கயே தங்கறதுக்கான பி.ஆர். கெட்டுப்போயிடும்னு நீங்க கேக்கவே இல்ல. நான் மட்டும் கேட்டு வாங்கி, தனியா ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

"கேக்கல" என்றார் அப்பா. "பயந்துட்டேன். தப்புதான்."

"நானும் வந்து ஒரு வார்த்த சத்தம் போட்டிருக்கணும். வாய மூடிட்டேன்." அம்மா லேசாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி போடட்டுமா?" என்று கேட்டாள். நான் சர்க்கரை சேர்க்காத, அசல் கேள்வி. அப்பா சரி என்றார்.

நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. அன்று அம்மா தோசை சுட்டாள். மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் இரண்டு நாள் ஆட்டத்தையும் அளந்தேன். இருவரும் கேட்டார்கள், என் தலைக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. படுக்கும் முன் ஃபிரிட்ஜ் முன்னால் போய்க் கைகூப்பினேன். பெரியவர் தோற்ற பிறகும் கொடுத்துவிட்டாரே, பிள்ளையாருக்கு எவ்வளவு பெரிய மனசு!

அந்த மாதக் கடைசியில் அப்பா மெல்பர்னுக்குப் போய், அங்கே நோபல் பார்க் என்ற பகுதியில் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டார். பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் விருந்தாளியாகத்தான் வந்தார். அதெல்லாம் பின்னால். மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். பல்கூட விளக்காமல் எதிர் ஃபிளாட்டுக்கு ஓடினேன். அன்ரி குசினியில் யாருடைய விசேஷத்துக்கோ வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அப்பாவும் அம்மாவும் பேசிட்டாங்க!"

"ஓமோ? சண்டை பிடிச்சவையோ?"

"சண்டையே இல்ல அன்ரி. சிரிச்சுப் பேசினாங்க. பழசெல்லாம் ஒண்ணு ஒண்ணா எடுத்துப் பேசினாங்க. அப்பா தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

அன்ரி அடுப்பை அணைத்தார். மாவுக் கையோடு என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது.

"சண்டை பிடிச்சிருக்கலாம், ராசாத்தி" என்றார்.

அன்ரிக்கு நான் சொன்னது சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். அவர் பிடியிலிருந்து முகத்தை வெளியே எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.