அலாரம் அடிக்கவே இல்லை

லேத் பட்டறையில் அவருக்கு 'நூல்' என்று பெயர். கடைந்து முடித்த எதையும் "ஒரு நூல் பிசகாது" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. கதவு இடித்தாலும், கட்டில் ஆடினாலும் நூல் கணக்குதான்.

வாஷிங் மெஷின் குழாய் ஒருமுறை கழன்று வீடு குளமானது. மறுநாளே மகள் ஒரு நீர்க்கசிவு அலாரம் வாங்கிவந்து மெஷினுக்கு அடியில் வைத்தாள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. தண்ணீர் பட்டால் கத்தும்.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் குழாய் மறுபடியும் கழன்றது. அவர் கூடத்தில் பேப்பரில் மூழ்கியிருந்தார். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தடதடவென்று தட்டிய பிறகுதான் காலடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரரே குழாயை அடைத்து, பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"எங்க வீடு வரைக்கும் கத்துது சார். நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க."

"அடிக்கவே இல்லங்க. பெட்டியில கோளாறு."

சாயங்காலம் மனைவியிடமும் அதையே சொன்னார். அவள் நம்பவில்லை. போன வாரம் ஈரத்துணி பட்டதற்கே அது ஊரைக் கூட்டியது என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. பிரித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, திருப்புளியை எடுத்தார். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. பேட்டரி, நகம் அளவு மின்பலகை, காசு போல ஒரு பித்தளைத் தகடு. பெட்டியின் அடியில் இரண்டு உலோகக் குமிழ்கள், ஒன்றையொன்று தொடாமல். தண்ணீர் வந்து இரண்டையும் இணைத்தால் மின்சாரம் பாயும், தகடு அதிர்ந்து கத்தும். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டார்.

பேட்டரியை டார்ச்சில் போட்டுப் பார்த்தார், எரிந்தது. ஒயர் எதுவும் விட்டுப்போகவில்லை. பேட்டரியைத் திரும்பப் போட்டு, ஈரத்துணியைக் குமிழ்களில் வைத்தார். சத்தமே இல்லை. செத்த பெட்டி என்று தீர்மானித்து, தகட்டை நெம்பி எடுக்க விரல் வைத்தார். விரலுக்கடியில் அது வண்டு மாதிரி துடித்தது.

மனைவி சோப்பு நுரைக் கைகளால் காதைப் பொத்திக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"நிறுத்துங்க. காது கிழியுது."

"இப்ப அடிக்குதா?"

அவள் கையை இறக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் துணியை எடுத்தார். துடிப்பு நின்றது.

"இதுல கோளாறு இல்ல," என்றார் மெதுவாக. "என்கிட்டதான்."

"பேத்தி போன்ல முணுமுணுக்குறான்னு திட்டிக்கிட்டே இருந்தீங்களே," என்றாள் அவள். அதற்கு மேல் குத்திக்காட்டவில்லை. அந்த வாரமே காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கீச்சுச் சத்தங்கள் மட்டும் காதில் விழாமல் போய்விட்டன, இத்தனை வருஷப் பட்டறை இரைச்சலின் வேலை என்றார் டாக்டர்.

அவர் பெட்டியிலிருந்து நீள ஒயர் இழுத்து, தன் நாற்காலிக்கு எதிரே சிவப்பு விளக்கு ஒன்று பொருத்தினார். மனைவி ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். எரிந்தது.

"நான் கூப்பிட்டா எரியுற மாதிரி இன்னொண்ணு மாட்டுங்க," என்றாள்.

பிறகு அவர் கீழே இறங்கிப் போனார்.

"நீங்க சொன்னதுதான் சரி. அலாரம் அடிச்சிருக்கு. எனக்குத்தான் கேக்கல."

கீழ்வீட்டுக்காரர் சங்கடப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பேச்சை மாற்ற, தன் வீட்டு அழைப்பு மணி ஒழுங்காக அடிப்பதில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"பாக்குறேன்," என்றார் அவர். "அடிக்குதா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."