கோலா தெர்லாவில் புள்ளி விழுந்த பீன்ஸ்

கேமரன் மலைக்கு நான் ஸ்ட்ராபெரி பறிக்கப் போகவில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மனைவியின் தம்பி அருள் போன் செய்தான்.

"மச்சான், உங்க பீன்ஸுக்கும் கராட் வந்துருச்சி. இலை பூரா புள்ளி. ஞாயித்துக்கிழமை பிடுங்கிப் போட்டுட்டு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துடப் போறேன்."

கராட் என்பது மலாயில் துரு. பீன்ஸ் இலையின் அடியில் செம்பழுப்புப் பொடியாகக் கிளம்பும் பூஞ்சண நோய். அருள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன். அதை விட்டுவிட்டு, அதே மலையில் கோலா தெர்லா என்ற ஊரில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தான். போன போகம் துருவில் போயிற்று. இந்தப் போகமும் போனால் மறுபடி மருந்துத் தொட்டியை முதுகில் தூக்க வேண்டியதுதான்.

இந்த முறை அவன் போட்டிருந்தது நான் உருவாக்கிய விதை. ஒரு விதை நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். துரு தொடாத ஒரு மெலிந்த பழைய கொடியைச் சந்தை ரகத்தோடு கலந்து, பிள்ளைக் கொடிகளில் தேறியவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் பொறுக்கி, அந்தத் தடுப்பு மரபணுவை நல்ல காயோடு சேர்த்துக் கொண்டுவந்தேன். மேலாளர் காயைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஒரு விரல் குட்டையா இருக்கே" என்று திட்டத்தை மூடினார். அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. விதையைக் கொட்டப் போனார்கள். கேட்டேன், எடுத்துப் போகச் சொன்னார்கள். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூரிலிருந்து பேருந்து. மலை நகரமான தானா ராத்தா வரை முப்பத்தெட்டு ரிங்கிட், நாலரை மணி நேரம். தாப்பா தாண்டியதும் வளைவுகள். வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கை வாங்குங்கள். அங்கிருந்து கோலா தெர்லாவுக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், டாக்சிக்கு ஐம்பது ரிங்கிட்.

"ஸ்ட்ராபெரியா, தேயிலையா சார்?" என்றார் ஓட்டுநர்.

"பீன்ஸ் பார்க்கப் போறேன்."

"பீன்ஸ் பாக்க இவ்ளோ தூரமா? கேஎல் மார்க்கெட்ல கெடைக்கும் லா."

வழியில் பிரிஞ்சாங் ஊரில் வார இறுதி நெரிசல். ஒரு மணி நேரம் நகரவில்லை. ஆனால் மழை விட்டு வெயில் வந்திருந்தது. தேயிலைச் சரிவுகள் அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்தவன் தலைபோல ஒழுங்காக இருந்தன. கண்ணாடியை இறக்கினேன். எரிச்சலோடு கிளம்பியவனுக்கு அந்த ஈரப் பச்சை வாசனை ஏனோ பிடித்துப்போயிற்று.

அருளின் மனைவி கலா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அன்று அரை நாள் வேலை முடித்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"காட்டுக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தது நீங்க ஒரு ஆள்தான்ணே. பொண்ணு பாக்கவா வந்தீங்க?"

அருள் சிரிக்கவில்லை. கொடி ஏறும் கம்புகளில் ஒரு வரிசையை ஏற்கெனவே உருவியிருந்தான். இலையைப் பறித்து நீட்டினான். ஊசிமுனை அளவுக்குக் காய்ந்த புள்ளிகள், இலை முழுக்க. கொடியின் தடுப்பை உடைக்கும் புதுத் துரு வந்துவிட்டதா?

இலையைத் திருப்பினேன். பொடி இல்லை. விரலால் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

"அருள், பக்கத்து நிலத்து இலை ஒண்ணு கொண்டு வா."

வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெரியவரின் நிலம். அவரிடம் கேட்டு ஒரு இலை வாங்கி வந்தான். அதை என் வலது சட்டைக் கையில் தேய்க்கச் சொன்னேன். துருப்பிடித்த ஆணியை இழுத்ததுபோல ஒரு கோடு விழுந்தது.

"ஐயோ, அக்கா என்னைத்தான் ஏசும்," என்றாள் கலா.

இடது கையில் எங்கள் இலை. வெறும் ஈரம்.

துரு உயிருள்ள இலையைத்தான் தின்னும். இந்தக் கொடி, நோய் நுழைந்த இடத்தில் தன் இலையில் ஊசிமுனை அளவைத் தானே சாகடித்துவிடுகிறது. நோய்க்குச் சாப்பாடு இல்லை, அங்கேயே முடிந்தது. அவன் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் தோற்றுப்போன ஒரு துரு. இதைச் சொன்னேன்.

அருள் இரண்டு இலைகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, மச்சான்? அம்பது கம்ப உருவிட்டேன்," என்றான்.

"நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போறியா?"

"யாரு குடுக்கப் போறா? அந்தப் பக்கம் பிடிங்க."

சேற்றில் நின்று மூவரும் கம்புகளை மறுபடி நட்டோம். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் எங்கள் காய் ஒன்றை ஒடித்து, மென்று, மலாயில் கேட்டார்: விதை இருக்கிறதா? காய் குட்டை என்றேன். "சட்டிக்குள்ளே யார் அளந்து பார்ப்பது?" என்றார். எத்தனையோ வருடமாக யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். அன்று மாலை தேநீர் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எதைக் குடித்தாலும் இனித்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வார நாளில் போங்கள். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும், செருப்பு வேண்டாம், பூட்ஸ் நல்லது. காய்கறி நிலத்தில் கேட்காமல் இறங்காதீர்கள். ஆரோக்கியமான நிலத்தை முதலில் பாருங்கள், நோய் நிலத்தைக் கடைசியில், ஏனென்றால் பொடி உங்கள் கால்சட்டையில் ஏறி அடுத்த வயலுக்குப் போகும். விவசாயிகளுக்கு ஒன்று: எந்தத் தடுப்பும் என்றைக்குமானதல்ல, துருவும் மாறும், ஒரே ரகத்தை நம்பி முழு நிலத்தையும் போடாதீர்கள். மற்றபடி, துரு தடுக்கும் ரகத்தில் புள்ளி விழுந்த பீன்ஸ் இலையைப் பார்த்தால் கொடியைப் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை திருப்பித் தடவிப் பாருங்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லையென்றால், அதன்பாட்டுக்கு விட்டுவிடுங்கள். அது ஜெயித்துக்கொண்டிருக்கிறது.