அப்பா வீட்டில் நடத்திய ஹோட்டல்

எங்கள் அப்பா சைதாப்பேட்டை மார்க்கெட் அருகே பிறந்து, அங்கேயே வளர்ந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர். மயிலாப்பூரில் ஒரு ஹோட்டலில் முப்பது வருடம் சர்வராக நின்றே உழைத்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவார், அவ்வளவுதான்.

கொரோனா ஊரடங்கில் ஹோட்டலை மூடினார்கள். சம்பளம் நின்றது. ரேஷன் அரிசியும் ரவையுமாகக் காலம் தள்ளினோம். நான் அப்போது பிளஸ் ஒன், தம்பி ஏழாவது. அப்பாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"சூடா இட்லி, பொங்கல், பூரி, ரவா தோசை, ஆனியன் ஊத்தப்பம். இன்னா சார் சாப்பிடறீங்க?"

தம்பி ரவா தோசை கேட்டான். அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு ரவா" என்று குரல் கொடுத்தார்.

"உப்புமாதான் கீதுன்னு கஸ்டமராண்ட சொல்லு," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"ரவா இப்பதான் சார் தீந்துச்சு. உப்புமா சூடா கீது, கொண்டாரட்டுமா?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதிலிருந்து வாராவாரம் ஹோட்டல்தான். கீழ்வீட்டு பாய் ஒருநாள் கஸ்டமராக வந்து, ஒரு தேங்காயை டிப்ஸாக வைத்துவிட்டுப் போனார். அந்தக் கஷ்டத்தில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

அதைக் கெடுத்தவள் நான். ஒருநாள் என்ன எரிச்சலில் இருந்தேனோ, தட்டைத் தள்ளிவிட்டு, "எப்ப பாரு உப்புமா. இதுக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ பில்டப்பு? வேலை போச்சுன்னு ஒத்துக்கினு சும்மா இரேன்" என்று கத்திவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஹோட்டல் நடக்கவே இல்லை.

என்னால்தான் நின்றது என்று வருடக்கணக்கில் உள்ளுக்குள் புழுங்கினேன். போன வருடம் அடையாறு ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்தபோது, இனியும் தாங்காது என்று அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை.

"அதுக்கா இத்தினி வருசம் மூஞ்சிய தூக்கி வெச்சினு இருந்த? மறுவாரமே ஓட்டல் தொறந்துட்டாங்களேம்மா. ஞாயித்துக்கெழமை எனக்கு எவன் லீவு குடுத்தான்?"

"அன்னிக்கு ஒண்ணுமே பேசாம தட்ட எடுத்துனு போனியேப்பா."

"கஸ்டமர் கத்துனா பதில் பேசக் கூடாது, பிளேட்ட எடுத்துனு போய்டணும். அதான் தொழிலு. நீ ஒருத்திதான் அன்னிக்கு நெஜ கஸ்டமர் மாதிரி பேசின. இவங்கெல்லாம் போட்டத துன்னுட்டு எழுந்துட்டாங்க."

பக்கத்தில் அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பத்து நாள் கழித்து அப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த ஹோட்டல் நண்பர்கள், ஆட்டோவோடு வாசலிலேயே நின்ற கீழ்வீட்டு பாய் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலாண்டு நினைவு நாளான இன்று அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாம்பாரில் உப்பு குறைந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள். நான் பதில் பேச மாட்டேன்.