அப்பாவின் இதயத்தில் ஒரு மேடு காணவில்லை

ஸ்பிரிட் பஞ்சின் வாசனை, எலும்புக்குள் இறங்கும் ஏர்கான் குளிர், நெஞ்சில் வயர் ஒட்டும் பட்டையின், விரலைவிட்டுப் போகாத பிசின்... மலேசியாவில், ஜொகூர் பாருவில் என் முதல் வேலையை நினைத்தால் இவைதான் முதலில் வரும்.

ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்களைப் படுக்க வைத்து இதயத்துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். "பேசக்கூடாது, அசையக்கூடாது" என்று அவர்களுக்குச் சொல்வது நான்தான். சிரிக்காதீர்கள். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத என்னிடம் போய் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்! நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்காது. மூச்சோடு சேர்ந்து கூடும், குறையும். ரோட்டோர வீட்டில் படுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் லாரி சத்தத்தையும் பிரித்துக் கேட்போமே, அதுபோல கம்ப்யூட்டர் அந்த ஏற்ற இறக்கங்களைப் பிரித்துத் திரையில் மேடு மேடாக வரையும். மெதுவானது இடது பக்கம். மூச்சோடு வரும் வேகமானது வலது பக்கம். இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பைச் சர்க்கரை தின்றுவிட்டால் வலது மேடு படுத்துவிடும்.

அப்பாவுக்கும் சர்க்கரை. மூவாரில் ஒரு ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் மரம் அறுக்கும் மெஷினில் வேலை. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம் என்று அம்மா போனில் சொன்னார். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் தலை சுற்றினால்...? உடனே ஊருக்குப் போனேன். கையோடு ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டேன்.

அப்பா படுத்தார், கண்ணை மூடினார். அவ்வளவுதான், அசையவே இல்லை.

திரையில் கோடு வந்தது. இடது பக்கம் பெரிய மேடு.

வலது பக்கம்... வெறும் தரை.

நரம்பு போய்விட்டது, இனி ரம்பத்துப் பக்கமே விடமாட்டார்கள், இதை எப்படி அவரிடம் சொல்வது? வெளியே போனேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து பார்த்தேன். மேடு வரவில்லை.

"ஜங்ஙான் பானிக் லா" என்றார் என் சீனியர் கக் லினா. பதறாதே என்கிறார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹிஸ் பிரீத்திங் வெரி ஸ்லோ. ஆஸ்க் ஹிம்."

"அப்பா... தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. செபமாலை சொல்லிட்டு இருந்தேன். மனசுக்குள்ளதான்."

"ஐயோ அப்பா! சும்மா படுங்கன்னுதானே சொன்னேன்?"

"பேசக்கூடாதுன்னு சொன்ன. வேண்டக்கூடாதுன்னு சொல்லலையே?"

ஒவ்வொரு செபத்துக்கும் ஒரு நீளமான மூச்சு. மூச்சு மெதுவானதும் அதன் மேடு இடது பக்கம் நகர்ந்து அங்கிருந்ததோடு ஒட்டிக்கொண்டது. நரம்பு நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் பதிவு செய்தோம். இந்த முறை செபம் கிடையாது, கக் லினாவின் கையசைவுக்கு ஏற்ப வழக்கமான வேகத்தில் மூச்சு விட்டார். வலது பக்கம் மேடு அழகாக எழுந்தது. நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. தலைசுற்றலுக்குக் காரணம் பிரஷர் மாத்திரை. கிளினிக்கில் அதைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

மூவார் பஸ் ஏற்றிவிடப் போனபோது தே தாரிக், நம் ஆற்றிய டீதான், வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

"அப்படி என்னதான்பா வேண்டுனீங்க? தலை சுத்து நிக்கணும்னா?"

"எனக்கு என்ன... வயர் ஒட்டும்போதே உன் கை நடுங்குச்சு. காலு வேற ஆடிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் நிம்மதியக் குடு மாதாவேன்னு கேட்டேன்."

பஸ் வந்துவிட்டது.

இப்போது வேலை சிங்கப்பூரில். மாலையில் ஜொகூர் திரும்பும் பாலத்து ஜாமில் பஸ்ஸுக்குள் நசுங்கி நிற்கும்போது கைக்கடிகாரம் அதிர்கிறது. அன்று மேசை நிறைய வயரை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததை, இது மணிக்கட்டிலேயே கணக்குப் போட்டு, டென்ஷன் அதிகம், மெதுவாக மூச்சு விடு என்கிறது. விடுகிறேன். எண் இறங்குகிறது. அடுத்த நிமிடமே போனை எடுத்து ஆபீஸ் மெசேஜைப் பார்க்கிறேன்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கான மூச்சை இப்போது நானேதான் விட வேண்டியிருக்கிறது.